ஓசையும் சாட்சியும்

உயர்தர வகுப்பிலே புறநானூற்றின் ஒன்பதாம் பாடலைப் படிப்பித்துக்கொண்டிருந்தோம். பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் பாடியது அது. படையெடுத்துச் செல்லும் மன்னன் அம்பு தொடுப்பதற்கு முன்னர், பகைவர் நாட்டிலுள்ள பசுக்களும் பார்ப்பனரும் பெண்டிரும் பிணியாளரும் பிள்ளைப்பேறற்றோரும் காவலான இடங்களைச் சென்றடையுமாறு அறிவிக்கிறான். அதன் பின்னரே போர் தொடங்குகிறது. பண்டைத் தமிழரின் போரறத்துக்கு இப்பாடலைச் சான்றாகக் காட்டுதல் தமிழாசிரியர் வழக்கம். நாமும் அவ்வாறே காட்டினோம்.

பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். “சேர், அடிக்கப்போறன் எண்டு சொல்லிப்போட்டு அடிக்கிறவன் தோத்துப்போவானெல்லோ? சத்தமில்லாமல் அடிக்கிறதுதானே கெட்டித்தனம்?” என்றான்.

வகுப்புச் சிரித்தது. மணியும் அடித்தது. பாடம் முடிந்த பின் அம்மாணவன் நம்மிடம் வந்து தன் கைத்தொலைபேசியில் ஒரு காட்சியைக் காட்டினான். அமெரிக்காவிலே நடுத்தர வயதுள்ள ஒருவர் துணி விரித்த மேசைமேல் ஒரு துவக்கைக் கழற்றிக்கொண்டிருந்தார். அதன் குழல் வழக்கத்திலும் பருமனானது. குழலின் உள்ளிருந்து தட்டுத் தட்டாக எடுத்துக் கரியைத் துடைத்து, ஒழுங்கு மாறாது மீண்டும் அடுக்கினார். நாதசுரக்காரர் ஒருவர் தம் சீவாளியைப் பேணும் கவனம் அவர் விரல்களில் இருந்தது. பின்னர் வீட்டின் பின்புறஞ் சென்று, வரிசையாக வைத்த வெற்றுத் தகரப்பேணிகளைச் சுட்டார். வேட்டோசை இல்லை. துவக்கின் இயந்திரம் அசையும் ‘கிளிக்’ என்ற ஓசையும், பேணி உருண்டு விழும் ஓசையுமே கேட்டன.

“பாத்தீங்களா சேர், பக்கத்து வீட்டுக்காரனுக்கும் தெரியாது” என்றான் மாணவன்.

அந்த அமெரிக்கர் கொலைகாரரல்லர். தம் பொருளைத் தாம் பேணுகிறார். எவருக்கும் தீங்கு செய்யவில்லை. அவ்வாறாயின், நம் மனம் ஏன் துணுக்குற்றது? அன்று நம்மிடம் விடை இருக்கவில்லை. காலந்தாழ்த்தியேனும் விடை கூறுதல் ஆசிரியன் கடன் என்பதால் இதனை எழுதுகிறோம்.

*

முதலிற் பொருளை அறிதல் வேண்டும். அறியாத பொருளின் மேல் அறம் பேசுதல் வெறும் உபதேசமாய் முடியும்.

துவக்கின் ஓசை ஓரோசையன்று. மூன்று ஓசைகளின் கூட்டு. குழலின் வாயிலே அமுக்கத்துக்குட்பட்ட வாயு திடீரென வெளிப்பட்டு வெடிப்பது ஒன்று. சன்னம் ஒலியின் வேகத்தை, அதாவது விநாடிக்கு ஏறத்தாழ 340 மீற்றரைக் கடந்து செல்கையில், சாட்டை சொடுக்கினாற்போல் வானிலே எழும் ஓசை மற்றொன்று. துவக்கின் உறுப்புகள் அசையும் ஓசை மூன்றாவது. குழலின் நுனியிற் பூட்டப்படும் ஒலியடக்கி, தடுப்புத் தட்டுகளால் அமைந்த அறைகளின் ஊடாக வாயுவைச் சுழலவிட்டுக் குளிரச்செய்து மெல்ல வெளியேற்றுகிறது. நம்மூர் மோட்டார்ச் சைக்கிளின் ‘சைலன்சர்’ செய்யும் வேலையும் இதுவே. இது முதலாவது ஓசையை மட்டுமே குறைக்கும். துவக்கோடு ஒன்றாகவே அமைந்த ஒலியடக்கிகளிற் பல இன்னும் ஒரு படி மேலே செல்கின்றன. அவற்றில் வாயுவின் ஒரு பகுதி சன்னம் குழலை விட்டு நீங்கு முன்னரே கசியவிடப்படுவதால், சன்னத்தின் வேகமும் ஒலியின் வேகத்துக்குக் கீழே இறங்கிவிடுகிறது. ஆகவே இரண்டாவது ஓசையும் இல்லாதொழிகிறது. மாணவன் காட்டிய துவக்கு இவ்வகையைச் சேர்ந்தது.

எனினும், சினிமாவிற் காட்டுவதுபோல ஒரு பெருமூச்சளவிலே துவக்கு ஊமையாகிவிடுவதில்லை. சாதாரணத் துவக்கின் வேட்டு ஏறத்தாழ 140 முதல் 170 டெசிபல் வரையானது. ஒலியடக்கி அதிலே 20 முதல் 35 டெசிபல் வரை குறைக்கும். சிறு சன்னத் துவக்குகளிலே, அதுவும் சன்னத்தின் வேகம் குறைந்தவிடத்து, மாணவன் கண்ட அமைதி ஏறக்குறையக் கிட்டும். பெருந்துவக்குகளில் அது கிட்டாது.

இப்பொருளின் பிறப்பு வரலாற்றிலே ஒரு கசப்பான அழகு உண்டு. 1884 இல் ஹைரம் மக்சிம் என்பவர் தானியங்கி இயந்திரத் துவக்கை ஆக்கினார். ஆபிரிக்காவிலும் ஆசியாவிலும் பேரரசுகள் நிலம் பிடித்தது அத்துவக்கின் துணையோடுதான். 1898 இல் சூடானின் ஒம்டுர்மான் வெளியிலே ஒரே காலைப்பொழுதில் ஏறத்தாழப் பத்தாயிரம் சூடானியர் மாண்டனர்; பிரித்தானியர் தரப்பில் மாண்டவர் ஐம்பதின்மருக்கும் குறைவு. தம் துவக்குகளின் பேரோசையைப் பல்லாண்டுகள் அருகிருந்து கேட்ட மக்சிமின் செவிகள் பின்னாளிற் பெரிதுங் கெட்டன. அவருடைய மைந்தர் ஹைரம் பேர்சி மக்சிமே 1909 இல் துவக்கின் ஒலியடக்கிக்கு அமெரிக்காவிற் காப்புரிமை பெற்றார். தந்தை கொலையைப் பெருக்கினார். மைந்தர் கொலையின் ஓசையைச் சுருக்கினார். கொலையைச் சுருக்கவேண்டும் என்ற எண்ணம் அந்தத் தொழிற்சாலைக்கு வரவில்லை. ஏனெனில் அதற்குச் சந்தை இல்லை.

*

இனி உடைமையாளரின் வழக்கைக் கேட்போம். எதிர்த்தரப்பைக் கேளாது தீர்ப்பளித்த மதுரையின் கதி நமக்குத் தெரியும்.

அவர் கூறுவன மூன்று. முதலாவது, செவி. 140 டெசிபலுக்கு மேற்பட்ட வெடியோசை ஒரே தடவையிலேயே செவியைக் கெடுக்க வல்லது. கெட்ட செவி திரும்பாது. இரண்டாவது, அயலார். சுடும் பயிற்சியிடங்களுக்கு அருகில் வாழ்வோருக்கும் உறக்கம் வேண்டும். மூன்றாவது, வேட்டை. ஓசையும் உதைப்பும் குறைந்தாற் சுடுபவன் திடுக்கிடான், குறி தவறாது, விலங்கு குற்றுயிராய்க் கிடந்து துன்புறாது. நோர்வேயிலும் பின்லாந்திலும் வேட்டைக்காரர் ஒலியடக்கியைச் சாதாரணமாகப் பயன்படுத்துகின்றனர். அதனால் அந்நாடுகள் கொலைக்களமாகிவிடவில்லை.

இவை மூன்றும் உண்மை. இவற்றைப் பொய்யென்று தள்ளுதல் நேர்மையன்று. துவக்கு வணிகர் இதே உண்மைகளைத் தம் பண்டத்துக்கு விளம்பரமாக்குகின்றனர் என்பதும் உண்மை. 2015 இல் அமெரிக்கக் காங்கிரசிலே ஒலியடக்கிகள் மீதான கட்டுப்பாட்டைத் தளர்த்தும் மசோதா ஒன்று வந்தபோது, அதற்குச் ‘செவிப் பாதுகாப்புச் சட்டம்’ என்று பெயரிட்டனர். சந்தை தேடுவோன் நம் நலத்தின் பெயராலேயே பேசுவான். ஆயினும் வணிகன் சொன்னான் என்பதற்காக ஓர் உண்மை பொய்யாகிவிடாது. வேட்டைக்காரனின் செவியும் உழைக்கும் ஒரு மனிதனின் செவியே.

ஆகவே, ‘ஒலியடக்கி வைத்திருப்போன் தீயவன்’ என்ற எளிய முடிவு நமக்குக் கிடைக்கவில்லை. வினாவை வேறு வகையிற் கேட்கவேண்டியிருக்கிறது. துவக்கு ஒருவனுடைய உடைமை. அதன் ஓசை யாருடைய உடைமை?

*

தனியுடைமை பற்றிச் சிந்திக்கும் நாம் இந்த வினாவை இலகுவில் விட்டுவிட முடியாது. ஒருவனுடைய வயலில் எரியும் நெருப்பின் புகை அயலானுக்கு ஓர் அறிவிப்பு. ஒருவனுடைய வீட்டிலே எழும் அழுகுரல் ஊருக்கு ஓர் அழைப்பு. அவ்வாறே துவக்கின் ஓசையும் சுட்டவனிடமிருந்து பிரிந்து ஊருக்குரியதாகிவிடுகிறது. அது ஊருக்கு மூன்று காரியங்களைச் செய்கிறது: ‘ஓடு’ என்று எச்சரிக்கிறது, ‘வா’ என்று உதவியை அழைக்கிறது, ‘நான் கேட்டேன்’ என்று சொல்லக்கூடிய சாட்சிகளை உண்டாக்குகிறது.

இதனை நம் தலைமுறைக்கு எவரும் படிப்பிக்கத் தேவையில்லை. போருக்குள்ளே பிள்ளைப்பருவத்தைக் கழித்தவர்கள் நாம். எறிகணை புறப்படும் ‘டுப்’ என்ற ஓசைக்கும் அது விழுந்து வெடிக்கும் ஓசைக்கும் இடையிலுள்ள சில விநாடிகள்தாம் நம்மிற் பலரை உயிரோடு வைத்தன. அந்த விநாடிகளுக்குள் அம்மா பிள்ளைகளைப் பதுங்குகுழிக்குள் தள்ளினாள். புத்தகத்தைக் கையில் எடுக்கப் பழகுமுன் ஓசையை வாசிக்கப் பழகினோம். அந்த ஓசையை நாம் வெறுத்தோம். ஆயினும் அது இல்லாதிருந்தால் வெறுப்பதற்கு நாம் இருந்திருக்கமாட்டோம்.

2019 மே 31 ஆம் திகதி அமெரிக்காவின் வேர்ஜீனியா பீச் நகரிலே, மாநகர அலுவலகக் கட்டடத்தில் அங்கு வேலைபார்த்த ஒருவன் பன்னிருவரைச் சுட்டுக்கொன்றான். அவனுடைய கைத்துவக்கில் ஒலியடக்கி பூட்டப்பட்டிருந்தது. தாம் கேட்டது துவக்கின் ஓசையென்று உடனே உணரவில்லை எனத் தப்பியோரிற் சிலர் பின்னர் கூறினர். ஒலியடக்கி இல்லாதிருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பர் என்று எவராலும் அறுதியிட்டுக் கூற இயலாது. ஆனால் ஓட வேண்டிய விநாடியிலே ‘இது என்ன ஓசை?’ என்று ஒருவர் நின்று யோசித்திருப்பின், அந்த விநாடி அவரிடமிருந்து பறிக்கப்பட்டதாகும்.

மனுநீதி கண்ட சோழனின் கதையை இவ்விடத்து நினைக்கலாம். கன்றை இழந்த பசு அரண்மனை வாயிலில் தொங்கிய ஆராய்ச்சி மணியை அசைத்தது. தேர்க்காலில் மகனைக் கிடத்திய தந்தையின் கண்டிப்பையே அக்கதையிற் பெரிதாகப் போற்றுவர். நமக்கோ அக்கதையின் உயிர்நாடி அந்த மணியிலேயே இருப்பதாகத் தோன்றுகிறது. வாயில்லாப் பிராணியின் துயரம் அதிகாரத்தின் செவிக்குச் சென்றது ஓசையினால். மணியின் நாவை யாரோ துணியாற் சுற்றி வைத்திருந்தால், சோழன் எத்துணை நீதிமானாயினும் அன்றிரவு நிம்மதியாக உறங்கியிருப்பான். நீதி வழங்குவோனின் நற்குணத்துக்கு முன்னர் வேண்டப்படுவது, அநீதி கேட்கப்படுதல்.

*

இங்கே ஒரு தடை எழும். ‘அப்படியாயின், ஊரறியக் கொன்றால் அது அறமாகிவிடுமா?’ என்று நம் மாணவன் கேட்பான். கேட்கத்தான் வேண்டும்.

ஆகாது. ஒம்டுர்மான் வெளியில் முழங்கிய துவக்குகள் உலகறிய முழங்கின. 1980களில் நம் தெருக்களிலே, விடுதலையின் பெயரால், நம்மவரே நம்மவரை மின்கம்பங்களிற் கட்டிச் சுட்டபோது ஓசைக்குக் குறைவிருக்கவில்லை. குற்றம் எழுதிய அட்டையும் கழுத்தில் தொங்கியது. ஊர் கேட்டது, ஊர் கண்டது, ஊர் வாய்திறக்கவில்லை. ஆகவே ஓசை அறத்தின் முழுமையன்று. அறத்தின் வாயில் மட்டுமே. வாயில் திறந்திருந்தும் உள்ளே செல்லாத ஊர்கள் உண்டு. நாமும் அவ்வூர்களில் ஒன்றின் மக்கள். ஆயினும், உள்ளே செல்லாதவர் இருக்கின்றனர் என்பதற்காக வாயிலையே சுவரெழுப்பி அடைத்துவிடலாம் என்று வாதிடுதல் பொருந்துமா?

இதனினும் கடினமான தடை மற்றொன்று உண்டு. நாற்சிகளின் பிடியிலிருந்த ஐரோப்பாவில் எதிர்ப்பியக்கத்தாருக்கென்று பிரித்தானியர் ‘வெல்றொட்’ என்னும் கைத்துவக்கை இரண்டாம் உலகப்போரின்போது ஆக்கினர். அதன் உடலே ஒலியடக்கி. உள்ளே அமைந்த இறப்பர்த் தட்டுகளைச் சன்னம் துளைத்துச் செல்லும். பத்துப் பதினைந்து வேட்டுகளில் அவை தேய்ந்துவிட, மாற்றவேண்டும். அந்தத் துவக்கில் ஆக்கியோர் பெயர் பொறிக்கப்படவில்லை. ஓசையும் இல்லை, ஊரும் பேரும் இல்லை. அதனை ஏந்திச் சென்று பாசிச அதிகாரி ஒருவனை இருளிலே வீழ்த்திய தொழிலாளியை நாம் கண்டிப்போமா?

கண்டிக்கமாட்டோம். அவனைச் சுற்றியிருந்த நாட்டில் நீதிமன்றம் கொலையாளியின் கையில் இருந்தது. ஆராய்ச்சி மணி அறுத்தெறியப்பட்டிருந்தது. அங்கே ஓசை நீதியை அழைக்கவில்லை. பணயக்கைதிகளைச் சுடும் படையையே அழைத்தது. அவனுடைய மௌனம் அவன் விரும்பித் தேர்ந்ததன்று. அவன் மேற் சுமத்தப்பட்டது. அத்தொழிலாளியும் போர் முடிந்த பின் பெயரோடு வெளியே வந்து தான் செய்ததைத் தன் மக்களுக்குச் சொல்லவேண்டியவன். சொல்லக்கூடிய நாளை உண்டாக்குவதற்காகவே அவன் போராடினான். அவனுடைய மௌனத்துக்கு ஒரு முடிவு நாள் இருந்தது.

கருவிக்கோ அத்தகைய முடிவு நாள் இல்லை. அதே போர்க்காலத்தில் பிரித்தானியர் ஆக்கிய மற்றொரு மௌனத் துவக்கு, ‘டி லைல்’ என்பது. நாற்சிகளுக்கும் யப்பானியருக்கும் எதிராகப் பிறந்த அது, 1948 இல் மலாயாவிலே அவசரகால ஆட்சி தொடங்கியபோது, இறப்பர்த் தோட்டங்களைச் சூழ்ந்த காடுகளிற் குடியேற்றவாதத்தை எதிர்த்தவர்களுக்கு மாறாகவும் பயன்பட்டது. கருவிக்கு அரசியல் தெரியாது. நம் தரப்பின் நியாயத்தை நம்பி நாம் ஆக்கிவைக்கும் மௌனம் நாளை யார் கையில் இருக்கும் என்பதை நாம் தீர்மானிப்பதில்லை.

2024 திசெம்பர் 4 ஆம் திகதி காலை, நியூயோர்க் நகர வீதியில், மருத்துவக் காப்புறுதிக் கம்பனி ஒன்றின் தலைவர் சுட்டுக்கொல்லப்பட்டார். ஒலியடக்கி பூட்டிய துவக்கே பயன்பட்டது என்று பொலிசார் கூறினர். நோயாளியின் உயிரைக் கணக்கேட்டில் வைத்துப் பார்க்கும் அத்தொழிலின் மீது அமெரிக்க மக்கள் கொண்ட கோபம் நியாயமானது. அக்கோபத்தின் மிகுதியால் அக்கொலையைப் பலர் கொண்டாடினர். நம் இடதுசாரி நண்பர்களிற் சிலரும் முகநூலிலே புன்னகைத்தனர். அவர்களுக்கு ஒன்று நினைவூட்டவேண்டும். தனிநபர் பயங்கரவாதத்தை மார்க்சியர் ஏன் எதிர்க்கின்றனர் என்று 1911 இல் ட்ரொட்ஸ்கி எழுதியபோது, அவருடைய காரணம் கருணை மட்டுமன்று. அது மக்களை அவர்களுடைய சொந்த விடுதலையின் பார்வையாளர்களாக்கிவிடுகிறது என்பதே அவருடைய காரணம். ஒருவர் போனார், அந்த நாற்காலியில் இன்னொருவர் அமர்ந்தார், காப்புறுதித் தொழில் நடந்துகொண்டேயிருக்கிறது. வேலைநிறுத்தம் ஓசையுடையது, ஊர்வலம் ஓசையுடையது. மக்கள் இயக்கம் எதுவும் ஒலியடக்கி பூட்டிக்கொண்டு வந்ததில்லை.

*

இனி, மேசையருகே இருந்து தம் துவக்கைத் துடைத்த அந்த மனிதரிடம் திரும்புவோம். அவர் கொலைகாரரல்லர் என்று முன்னரே கூறினோம். ஆயினும் அவருடைய உடைமை அவருக்கு என்ன செய்கிறது என்பதும் அறத்தின் வினாவே.

பிளேட்டோ தம் ‘குடியரசு’ நூலின் இரண்டாம் பாகத்தில், கைகஸ் என்ற இடையனின் கதையைக் கிளோக்கன் வாயிலாகக் கூறுகிறார். இடையன் ஒரு மோதிரத்தைக் கண்டெடுக்கிறான். அதன் கல்லை உட்புறந் திருப்பினால் அவன் பிறர் கண்ணுக்குப் புலப்படான். அவன் அரசனைக் கொன்று அரசைக் கைப்பற்றுகிறான். காணப்படாதபோதும் நீதியாக நடப்பவன் உண்டா என்பது அங்கே வினா. மோதிரத்தைக் கழற்றலாம், கல்லை வெளியே திருப்பி வைக்கலாம். குழலின் நுனியிற் பூட்டும் ஒலியடக்கியும் அத்தகையதே: ஒவ்வொரு முறையும் பூட்டுவதா விடுவதா என்று உடைமையாளன் தீர்மானிக்கிறான், அந்தத் தீர்மானத்தில் ஒரு கணமாவது அவன் தன்னைக் கேட்கிறான். உள்ளமைந்த ஒலியடக்கியோ விரலோடு ஒட்டிய மோதிரம். மௌனம் ஒரு செயலாக இல்லாமற் பொருளின் இயல்பாகிவிடுகிறது. ஒருமுறை விலை கொடுக்கும்போது எடுத்த முடிவு, பின்னர் எந்நாளும் முடிவென்றே தோன்றாத பழக்கமாகிறது. தீமையிற் பெரும்பகுதி தீர்மானத்தாலன்றிப் பழக்கத்தாலே உலகில் நிலைபெறுகிறது என்பதைச் சாதியின் ஊரில் வாழும் நமக்கு விளக்கவேண்டியதில்லை.

அத்துவக்கைப் பேணுவதிலும் ஒரு பாடம் இருக்கிறது. சாதாரணத் துவக்கிலே வாயுவோடு வெளியே சிதறிப்போகும் கரியும் ஈயத்துகளும் ஒலியடக்கியின் அறைகளுக்குள்ளே தங்கிவிடுகின்றன. சிறு சன்னத் துவக்கிலே, சன்னம் பெரும்பாலும் உறையற்ற ஈயமாதலால், இது மிகுதி. பல நூறு வேட்டுகளுக்குப் பின் தட்டுகள் ஒன்றோடொன்று இறுகிவிடும், கழற்றவும் முடியாது. நேரே அடுக்கப்படாத தட்டிற் சன்னம் உரசினாற் குழலே சிதையும். துப்புரவு செய்பவர் கையுறை அணியவேண்டும். ஈயத் தூசு மூச்சோடு உடலுக்குட் புகாமற் காக்கவேண்டும். கழுவிய நீரும் நஞ்சு. ஊருக்குக் கேளாமற்போன வெடிப்பு எங்கும் போய்விடவில்லை. வைத்திருப்போன் மேசைக்கே வந்து சேர்ந்திருக்கிறது. கவனமாகத் துடைப்பவர் அதை ஒவ்வொரு முறையும் தம் விரலிலே காண்கிறார். அவர் கண்டதைச் சிந்திக்கவும் வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

*

அவ்வாறாயின் செய்யற்பாலது யாது? இங்கே சட்டம் என்னும் பொருள் நம் முன் வருகிறது.

அமெரிக்கா 1934 இல் இயற்றிய தேசியத் துவக்குச் சட்டம் ஒலியடக்கிகளை இயந்திரத் துவக்குகளோடு ஒரே பட்டியலில் வைத்தது. தடைசெய்யவில்லை, பதிவு செய்து, கைமாறும் ஒவ்வொரு தடவையும் 200 டொலர் வரி கட்டவேண்டும் என்றது. பெருமந்தக் காலத்திலே 200 டொலர் ஒரு தொழிலாளியின் பல வாரக் கூலி. சட்டம் மௌனத்தை ஒழிக்கவில்லை. அதற்கு விலை வைத்தது. உள்ளவன் வாங்கலாம், இல்லாதவன் ஓசையோடு இருக்கட்டும் என்பதே அதன் பொருள். முதலாளித்துவச் சட்டம் ஆபத்தைக் கட்டுப்படுத்தும் முறை பெரும்பாலும் இதுவே. அத்தொகை தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாக மாறவில்லை. பணத்தின் பெறுமதி வீழ வீழ அந்த வேலியும் உயரங் குறைந்தது. இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட ஒலியடக்கிகள் பதிவேட்டில் ஏறின. 2025 யூலை 4 ஆம் திகதி ஒப்பமிடப்பட்ட சட்டம், 2026 சனவரி 1 முதல் அவ்வரியைச் சுழியமாக்கியது. பதிவு மட்டும் எஞ்சியது. வரியே இல்லாதபோது பதிவு எதற்கு என்று கேட்டு வழக்குகளும் தொடரப்பட்டுள்ளன.

வரி போனதற்காக நாம் வருந்தவில்லை. ஏழையின் செவிக்கும் செல்வனின் செவிக்கும் வேறுபாடு வைத்த வரி அது. பதிவு போவதே பெருங்கேடு. நோர்வேயும் பின்லாந்தும் ஒலியடக்கியைப் பொறுத்துக்கொள்வது அவை கவலையற்ற நாடுகள் என்பதாலன்று. அங்கே துவக்கை வைத்திருப்பதற்கே அனுமதி பெறவேண்டும்; வேட்டைக்காரன் தேர்வெழுதித் தகுதி காட்டவேண்டும். துவக்கு யாருடையது என்று சமுதாயத்துக்குத் தெரியும். ஆகவே அதன் ஓசை குறைந்தாலும் சாட்சி குறைவதில்லை. சாட்சி சொல்லப் பதிவேடு இருக்கிறது. அமெரிக்காவின் பெரும்பகுதியிலோ துவக்குக்குப் பொதுவான பதிவேடு இல்லை. எஞ்சியிருக்கும் ஒலியடக்கிப் பதிவையும் நீக்கிவிட்டால், ஓசையும் இல்லை, பெயரும் இல்லை. அரசே ஆக்கிய வெல்றொட் துவக்கின் நிலை அது. ஆனால் அதனை நியாயப்படுத்திய பாசிசம் எதிரே இல்லாமல்.

ஆகவே நாம் அடையும் முடிவு இது. ஓசையைக் குறைக்கும் உரிமை ஒருவனுக்கு இருக்கலாம். சாட்சியைக் குறைக்கும் உரிமை எவனுக்கும் இல்லை. துவக்கிலிருந்து ஓசையை எடுப்பவன், ஊருக்குரிய ஒன்றைத் தனக்கென எடுத்துக்கொள்கிறான். எடுத்த கடனை அவன் வேறு நாணயத்தில் ஊருக்குத் திருப்பித் தரவேண்டும். அந்த நாணயம் அவனுடைய பெயர்: ‘இது என்னிடம் உள்ளது, இதற்கு நான் பொறுப்பு’ என்ற எழுத்து. அதனைத் தர மறுப்பவன் செவியைப் பற்றிப் பேசும்போது, அவன் பேசுவது செவியைப் பற்றியன்று.

*

புறநானூற்றுப் பாடலை நாம் அளவுக்கு மீறிப் புகழவேண்டியதில்லை. அது மன்னர்களின் போர். அறிவிப்பின் பட்டியலிற் பசுவுக்கும் பார்ப்பனருக்கும் இடமிருந்தது. வயலில் நின்ற உழவனுக்கு இடமில்லை. ஆயினும் கொல்லப் புகுமுன் குரல் கொடுக்கவேண்டும் என்று அதிகாரத்தைக் கேட்ட ஒரு சமுதாயத்தின் குரல் அதிலே இருக்கிறது. அந்தப் பட்டியலை நீட்டுவதே பின்வந்தோர் கடன், அறிவிப்பையே கைவிடுவதன்று.

நம் நாட்டிலே எத்தனையோ பேர் ஓசையின்றிப் போனார்கள். இலக்கத்தகடற்ற வாகனம் வந்தது, கதவு சாத்தப்பட்டது, அவ்வளவுதான். வேட்டுக் கேட்டதா என்று எவராலுஞ் சொல்ல முடியவில்லை. 2017 பெப்ரவரியிலே கிளிநொச்சியில் காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் தெருவோரத்திற் படங்களை ஏந்தி அமர்ந்தபோது, அவர்கள் முதலிற் கேட்டது தண்டனையை அன்று: என்ன நடந்தது, யார் செய்தார், எங்கே என்பதையே கேட்டனர். ஒரு சாட்சியைக் கேட்டனர். ஓசையற்ற வன்செயலின் விலை என்னவென்று அறிய அமெரிக்காவுக்குச் செல்லவேண்டியதில்லை. அந்தத் தாய்மாரின் அருகிற் சற்றுநேரம் அமர்ந்தாற் போதும்.

அடுத்த பாடத்திலே அம்மாணவனுக்கு இவ்வளவையும் நாம் சொல்லப்போவதில்லை. அவனிடம் ஒரு வினாவை மட்டுமே கேட்போம்: “தம்பி, சத்தமில்லாமல் அடிப்பது கெட்டித்தனம் என்றாய். சரி. அடிபடுகிறவன் உன் அண்ணனாக இருந்தால், ஊருக்கு அது கேட்கவேண்டுமா, வேண்டாமா?”

அவன் விடைக்காக வகுப்புக் காத்திருக்கட்டும்.